ஈக்குப் பேர் வைப்பதெல்லாம் ஒரு வேலையா?

போன மாதம் விடுதி மெஸ்ஸில் நடந்தது. அன்றைக்கு மீன் குழம்பு. ஜன்னல் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் பெரிய ஈ ஒன்று வந்து உட்கார்ந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரில் இருந்த இயற்பியல் நண்பன், "என்னடா, தெரிஞ்சவங்களா?" என்றான்.

சதை ஈ, சார்கோபேகிடே குடும்பம், எந்தச் சிற்றினம் என்று இங்கிருந்து சொல்ல முடியாது என்றேன். "பிடிச்சுப் பார்த்தா?" பெண்ணாக இருந்தால் பிடித்துப் பார்த்தாலும் கஷ்டம். "யாருக்குமே தெரியாத புது ஈயா இருந்தா?" அப்போது அதை விவரித்துப் பெயர் வைக்க வேண்டும். எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டான். சில மாதம் ஆகலாம், சில வருடமும் ஆகலாம் என்றேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஈக்குப் பேர் வைக்கிறதெல்லாம் ஒரு வேலையாடா?" என்றான்.

மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அறைக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது. (எனக்குப் பதில் எப்போதுமே லேட்டாகத்தான் தோன்றும்.) அந்தப் பதில்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். சாப்பிடும்போது படிக்க வேண்டாம்.

முதலில் ஆளை அறிமுகப்படுத்திவிடுகிறேன். வீட்டு ஈயைவிடப் பெரியது. நெஞ்சின் மேல் நீளவாக்கில் மூன்று கறுப்புக் கோடுகள், வயிற்றில் சதுரங்கப் பலகை மாதிரி கட்டங்கள், செங்கல் நிறக் கண்கள். அந்தக் கட்டங்கள் வேடிக்கையானவை. வெளிச்சத்தில் ஈயைக் கொஞ்சம் திருப்பினால் வெள்ளைக் கட்டம் கறுப்பாகும், கறுப்பு வெள்ளையாகும். மற்ற ஈக்கள் மாதிரி முட்டை இட்டுவிட்டுப் போகாது. முட்டை தாயின் வயிற்றுக்குள்ளேயே பொரிந்துவிடும். அது நேராகப் புழுவாகவே போட்டுவிட்டுப் போகும். உலகம் முழுக்க 3,000-க்கும் மேற்பட்ட சதை ஈக்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

சதை ஈ என்றவுடன் பிணம், புழு, நாற்றம் என்றுதான் எல்லோரும் மூக்கைப் பிடிக்கிறார்கள். குடும்பத்தில் பாதிப் பேருடைய தொழில் வேறு. சில வெட்டுக்கிளிக்குள் வளர்கின்றன, சில நத்தைக்குள். சில, தனியாகக் கூடு கட்டும் குளவி தன் குஞ்சுக்காகச் சேர்த்து வைக்கும் இரையைத் திருடித் தின்கின்றன. கனடாவில் ஒரு சதை ஈ இருக்கிறது, ஆண் சில்வண்டு பாடுவதைக் காதால் கேட்டு, பாட்டு வரும் திசையில் பறந்து போய், அதன் உடம்புக்குள் தன் புழுவை விட்டுவிடும். 1976-ல் சோப்பர், ஷீவெல், டிரெல் என்ற மூவர் அதை விவரித்துப் பெயர் வைத்தார்கள்: ஆடிட்ரிக்ஸ். லத்தீனில் 'கேட்பவள்' என்று அர்த்தம். ஒரே ஒரு வார்த்தையில் அந்த ஈயின் வாழ்க்கை முழுக்க வந்துவிட்டது. இந்த மாதிரிப் பெயரைப் படித்துவிட்டுத்தான் நான் இந்தப் பக்கம் வந்தேன், ஒத்துக்கொள்கிறேன்.

சரி, வேலைக்கு வருவோம்.

சதை ஈக்களில் பெரிய தொல்லை, பார்க்க எல்லாம் ஒரே அச்சு. மூன்று கோடு, சதுரங்க வயிறு, சிவப்புக் கண். முதுகில் உள்ள முடிகளை வரிசை வரிசையாக எண்ணலாம். அது பேரினம் வரைக்கும் கொண்டுபோய் விடும், அதற்கு மேல் பெரும்பாலும் உதவாது. நம்பகமான அடையாளம் ஒன்றுதான். ஆண் ஈயின் இனப்பெருக்க உறுப்பு. (முன் பெஞ்சில் சிரிப்பவர்கள் சிரித்து முடித்துவிடுங்கள், காத்திருக்கிறேன்.) வயிற்றின் நுனியில், அடியில் மடித்து வைத்திருக்கும் ஒரு மில்லிமீட்டர் சமாச்சாரம். அதில் கொக்கி, மடல், முள், வளைவு என்று சிற்றினத்துக்குச் சிற்றினம் வித்தியாசம். வெளியே இரட்டையர் மாதிரி இருக்கும் இரண்டு ஈக்களுக்கு இந்த இடத்தில் துளியும் சம்பந்தம் இருக்காது.

அதைப் பார்ப்பதற்கு ஈ காய்ந்து விறைப்பதற்கு முன்பே நுனியை ஊசியால் வெளியே இழுத்து நிறுத்த வேண்டும். காய்ந்துவிட்டால் ஈரத்தில் வைத்து மென்மையாக்கி, நுனியை வெட்டியெடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட வேண்டும். சதையெல்லாம் கரைந்து கைட்டின் கூடு மட்டும் மிஞ்சும். அதைக் கிளிசரினில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும், இந்தப் பக்கம், அந்தப் பக்கம், பின்னால் என்று திருப்பித் திருப்பி வரைய வேண்டும். முடித்ததும் அந்தத் துணுக்கைக் கிளிசரினோடு ஒரு குட்டிக் குப்பியில் போட்டு, அந்த ஈ குத்தியிருக்கும் அதே ஊசியில் குத்தி வைக்க வேண்டும். உடம்பும் நுனியும் பிரிந்துவிட்டால் இரண்டுக்கும் மதிப்பில்லை.

எழுதும்போது நாலு வரி. செய்யும்போது தெரியும். போன செமஸ்டரில் கருவாட்டை வைத்து நான் பிடித்தது பதினோரு ஈ. அதில் ஏழு பெண். மீதி நாலு ஆணில் ஒன்றை ஹைட்ராக்சைடில் போட்டுவிட்டு இரவு மறந்து போனேன், காலையில் வந்தால் கண்ணாடி மாதிரி ஒன்றுமே தெரியவில்லை. இன்னொன்றின் நுனி இடுக்கியிலிருந்து தெறித்தது; ஆய்வகத் தரையில் இன்னும் எங்கேயோ இருக்கிறது. மிஞ்சியது இரண்டு. படத்தோடு ஒப்பிட்டு ஒப்பிட்டு மூன்று நாள் உட்கார்ந்து, கடைசியில் இரண்டுமே சார்கோபேகா ட்யூக்ஸ் என்று முடிவுக்கு வந்தேன். சாரும் பார்த்துவிட்டு ஆமாம் என்றார். ட்யூக்ஸ் நம் நாட்டில் சர்வசாதாரணமான ஈ. மூன்று நாள் உழைத்து நான் கண்டுபிடித்தது, தெருவில் காக்காயைப் பார்த்துக் காக்கா என்று சொன்னதற்குச் சமம்.

ஆனால் அந்தக் காக்காயின் பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடப் போய்த்தான் எனக்கு விஷயமே புரிந்தது. ட்யூக்ஸ் என்ற பெயரை வைத்தவர் தாம்சன், வருடம் 1869. யூஜினி என்ற ஸ்வீடன் நாட்டுப் போர்க்கப்பல் 1851 முதல் 1853 வரை உலகைச் சுற்றி வந்தது. அந்தப் பயணத்தில் பிடித்த பூச்சிகளைப் பற்றிய தொகுப்பில்தான் இந்த ஈ முதல்முறையாக அச்சில் வருகிறது. நம்மூர் மீன் மார்க்கெட்டில் அலையும் ஈக்கு ஸ்வீடன்காரர் வைத்த லத்தீன் பெயர்.

இதுதான் அந்தக் காலத்து நடைமுறை. ஈ வெப்ப நாட்டுடையது, அதன் முதல் மாதிரி குளிர் நாட்டு மியூசியத்தில் இருக்கும். வீடெமான் விவரித்த வெளிநாட்டு ஈக்களைப் பார்க்க வியன்னாவும் கோபன்ஹேகனும் போக வேண்டும், வாக்கர் விவரித்தவற்றைப் பார்க்க லண்டன். ராபினோ-டெவாய்டி என்ற பிரெஞ்சு டாக்டர் 1830-ல் ஒரே தடித்த புத்தகத்தில் கணக்கில்லாமல் ஈக்களுக்குப் பெயர் வைத்தார், அவருடைய மாதிரிகளில் நிறைய தொலைந்தே போய்விட்டன. இவர்கள் எழுதியதைப் படித்தால் பெரும்பாலும் நிறம், அளவு, கோடு. சாம்பல் உடம்பு, மூன்று கறுப்புக் கோடு, இத்தனை வரி நீளம். இந்த வர்ணனை 3,000 ஈக்கும் பொருந்தும்! உறுப்பைப் பிரித்து வரைந்து வகைப்படுத்துவது வழக்கமானது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். வட அமெரிக்க ஈக்களுக்கு ஆல்ட்ரிச் 1916-ல் அப்படி ஒரு புத்தகம் போட்டார்.

புதிய சிற்றினத்தை விவரிப்பதில் உள்ள உண்மையான உழைப்பு இதில் இருக்கிறது. கையில் இருப்பது புதுசு என்று சொல்ல வேண்டுமானால், இதுவரை பெயர் பெற்ற எதுவுமே இது இல்லை என்று காட்ட வேண்டும். இருநூறு வருடத்து எழுத்தையும், பல நாட்டு மியூசியப் பெட்டிகளையும் தாண்டித்தான் 'புதிது' என்ற ஒரு வார்த்தையை எழுத முடியும். டென்மார்க்கைச் சேர்ந்த டாமஸ் பாப்பே 1996-ல் உலகச் சதை ஈக்கள் அத்தனைக்கும் ஒரு அட்டவணை போட்டார். எந்தப் பெயர் எதற்குச் சமம், எது செல்லும், எது செல்லாது என்ற கணக்கு. இந்தியாவுக்கு நந்தி எழுதிய தொகுதியை ஜூவாலஜிகல் சர்வே 2002-ல் வெளியிட்டது. இந்த இரண்டும் இல்லாவிட்டால் என்னை மாதிரி ஆட்கள் இந்தக் கதவைத் தட்டவே முடியாது. இப்படி அட்டவணை போடுகிறவர்களுக்கு யாரும் பாராட்டு விழா எடுப்பதில்லை, அது வேறு விஷயம்.

பெயர் வைப்பதற்கு விதிமுறையும் இருக்கிறது. விலங்குப் பெயர்களுக்கான சர்வதேச விதித்தொகுப்பின் நான்காம் பதிப்பு 2000 ஜனவரி 1 முதல் அமலில் உள்ளது. அதன்படி ஒரே ஒரு மாதிரியை 'இதுதான் ஹோலோடைப்' என்று குறிப்பிட வேண்டும் (பல மாதிரிகளைக் கூட்டாக வைக்கவும் வழி உண்டு), அது எந்தக் காப்பகத்தில் இருக்கும் என்றும் சொல்ல வேண்டும். ஒரு ஆணின் பெயரை வைத்தால் கடைசியில் 'இ', பெண்ணின் பெயரென்றால் 'ஏ'. சொந்தப் பெயரைத் தானே வைத்துக்கொள்ள விதியில் தடை இல்லை, ஆனால் வைத்தால் ஊர் சிரிக்கும். நம் நாட்டில் 2002-ஆம் வருட உயிரியல் பல்வகைமைச் சட்டத்திலும் ஒரு பிரிவு இருக்கிறது: புதிதாகக் கண்டுபிடித்ததை அரசு அறிவித்த காப்பகத்துக்குத் தெரிவித்து, மாதிரியையும் ஒப்படைக்க வேண்டும்.

அந்த ஹோலோடைப்தான் எனக்கு இதில் பிடித்த விஷயம். நான் ஒரு ஈயை விவரிக்கிறேன். நான் எழுதியது தப்பாக இருக்கலாம், வரைந்தது கோணலாக இருக்கலாம். எண்பது வருடம் கழித்து யாரோ ஒரு மாணவிக்குச் சந்தேகம் வந்தால், பெட்டியைத் திறந்து அதே ஈயைப் பார்த்து 'இந்த ஆள் தப்பு' என்று சொல்லிவிடலாம். என் வார்த்தையை நம்ப வேண்டிய அவசியமே அவளுக்கு இல்லை. என்னைத் திருத்துவதற்கான சாட்சியை நானே ஊசியில் குத்தி, லேபிள் எழுதி, அரசாங்கப் பெட்டியில் வைத்துவிட்டுப் போகிறேன். இயற்பியல் நண்பனே, உன் துறையில் இப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறதா, சொல்.

இங்கே ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஹ்யூகோ டி சௌசா லோபஸ், பிரேசில்காரர், 1909-ல் பிறந்தவர். தென் அமெரிக்க வெப்ப மண்டலச் சதை ஈக்களைப் பற்றி இன்றைக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு அவர் போட்டது. பெக்கியா, ஆக்சிசார்கோடெக்சியா, லெபிடோடெக்சியா என்று அங்கே வாயில் நுழையாத பேரினங்கள் நிறைய. அவற்றில் நூற்றுக்கணக்கான சிற்றினங்களின் பெயருக்குப் பின்னால் 'லோபஸ்' என்று இருக்கும். ரியோ டி ஜெனிரோவில் ஆஸ்வால்டோ குரூஸ் நிறுவனத்தில் வேலை. 1964-ல் அங்கே ராணுவ ஆட்சி வந்தது. 1970 ஏப்ரலில் அந்த நிறுவனத்தின் பத்து விஞ்ஞானிகளை அரசாங்கம் ஒரே வீச்சில் வெளியேற்றியது, அரசியல் உரிமைகளையும் பறித்தது. அந்தப் பத்தில் லோபஸ் ஒருவர். மாங்கின்யோஸ் படுகொலை என்று பிரேசிலில் இதைச் சொல்கிறார்கள்; மாங்கின்யோஸ் அந்த நிறுவனம் இருக்கும் இடம். உயிர்ப்பலி இல்லை, ஆனால் அந்தப் பெயர் பொருத்தமானதுதான், பல ஆய்வகங்கள் அத்தோடு போயின. ராணுவ ஆட்சி முடிந்து, 1986-ல்தான் அவர்களைத் திரும்ப அழைத்தார்கள். லோபஸ் 1991-ல் இறந்தார்.

இடையில் உள்ள பதினாறு வருடத்தில் அவர் என்ன செய்தார் என்று பெயர்ப் பட்டியலில் பாருங்கள். 'லோபஸ், 1973', 'லோபஸ், 1975', 'லோபஸ், 1981'. சதை ஈயை விவரித்துக்கொண்டே இருந்திருக்கிறார். நிறுவனத்திலிருந்து வெளியேற்றியாயிற்று, உரிமை இல்லை, அறுபது வயதுக்கு மேல் ஆயிற்று, ஈயின் நுனியைக் கிளிசரினில் திருப்பித் திருப்பி வரைந்துகொண்டிருந்திருக்கிறார். மெஸ்ஸில் 'ஈக்குப் பேர் வைக்கிறதெல்லாம் ஒரு வேலையா' என்ற கேள்விக்கு எனக்கு உடனே ஞாபகம் வந்திருக்க வேண்டிய ஆள் இவர். வரவில்லை. மீன் குழம்புதான் காரணம்.

கதை அங்கே முடியவில்லை. 2018 செப்டம்பர் 2-ஆம் தேதி இரவு, ரியோவில் உள்ள தேசிய மியூசியத்தில் தீப்பிடித்தது. சுமார் 2 கோடிப் பொருட்கள் இருந்த இடம். பூச்சித் தொகுப்பு மட்டும் சுமார் 50 லட்சம், அதில் பெரும்பகுதி சாம்பல். இரவலில் வெளியே போயிருந்தவையும், எரிந்த கட்டடத்துக்கு வெளியே வைத்திருந்தவையும்தான் தப்பின. காய்ந்த பூச்சி எவ்வளவு சீக்கிரம் எரியும் என்று உங்களுக்கே தெரியும். ஹோலோடைப் எரிந்துபோன பெயர்களுக்கு இனி என்ன சாட்சி? விவரித்தவர் எழுதியதும் வரைந்ததும்தான். நன்றாக வரைந்திருந்தால் அந்தப் படத்தை வைத்து வேறொரு ஈயைத் தேடிப்பிடித்து அந்த இடத்தில் அமர்த்தலாம், அதற்கு விதியில் நியோடைப் என்று ஒரு வழி இருக்கிறது. 'சாம்பல் உடம்பு, மூன்று கோடு' என்று எழுதி வைத்திருந்தால் அந்தப் பெயர் அத்தோடு செத்துப்போகும்.

இந்த இடத்தில்தான் என் கருத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைக்கு நடக்கும் சண்டை இதைப் பற்றித்தான். 2021-ல் கோஸ்டாரிகா காட்டிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. ஒரே கட்டுரையில் 403 புதிய சிற்றினங்கள்! பெரும்பாலானவற்றுக்கு விவரணை என்பது மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு மரபணுவின் சுமார் 650 எழுத்து, கூடவே ஒரு போட்டோ. உடம்பைப் பற்றி வார்த்தையில் அனேகமாக எதுவும் இல்லை. வகைப்பாட்டியல்காரர்கள் கொதித்துப் போனார்கள். எழுதியவர்கள் தரப்பு நியாயம் இது: காடு அழிகிற வேகத்துக்கு, ஒவ்வொரு குளவியையும் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தால் பெயர் வைப்பதற்குள் குளவி இருக்காது.

அந்த நியாயத்தை என்னால் தூக்கிப் போட முடியவில்லை. என் பெட்டியில் ஏழு பெண் ஈக்கள் பெயர் இல்லாமல் இருக்கின்றனவே, அவற்றுக்கு வழி அந்த டிஎன்ஏ பார்கோடுதான். ஆணின் பார்கோடு தெரிந்தால் பெண்ணையும், புழுவையும்கூட அதனோடு சேர்த்துவிடலாம். கொலை வழக்குகளில் இது பெரிய உதவி. பிணத்தில் உள்ள புழுவின் வயதை வைத்து இறந்து குறைந்தது எத்தனை நாள் ஆயிற்று என்று கணக்கிடுகிறார்கள், புழு எந்தச் சிற்றினம் என்று தெரியாமல் அந்தக் கணக்கைத் தொடங்கவே முடியாது, ஏனென்றால் வளரும் வேகம் ஒவ்வொன்றுக்கும் வேறு. சதை ஈ முட்டைக் கட்டத்தையே தாண்டிவிடுவதால் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். (என்ன பயன் என்று யாராவது கேட்டால் எல்லோரும் இந்தப் பதிலைத்தான் முதலில் சொல்வார்கள். எனக்கு இந்தப் பதில் பெரிதாகப் பிடிக்காது. கொலை நடந்தால்தான் ஈக்கு மதிப்பா?)

ஆனால் எழுத்து வரிசை மட்டும் போதும் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1830-ல் பெயர் பெற்ற ஈயிடம் பார்கோடு கிடையாது. இருநூறு வருடம் ஊசியில் காய்ந்த உடம்பிலிருந்து ஒரு காலைப் பிய்த்துக் கொடுங்கள் என்றால் மியூசியத்தில் யோசிப்பார்கள், கொடுத்தாலும் கிடைக்கும் என்பது நிச்சயமில்லை. அப்போது என் 'புதிய' ஈ, அந்தப் பழைய ஈதானா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது? உறுப்பின் வடிவத்தை வைத்துத்தான். சதை ஈ உலகத்தில் பழைய பெயர்கள் அத்தனையும் உடம்பில் தொங்குகின்றன. உடம்பைப் பார்க்காமல் புதுப் பெயர் வைத்தால் பழசும் புதுசும் ஒன்றோடொன்று பேசவே பேசாது. இன்னொன்று, மைக்ராஸ்கோப் எங்கள் கல்லூரி மாதிரி இடத்திலும் இருக்கிறது. மரபணு படிக்கும் மெஷின் இல்லை, வெளியே அனுப்பினால் காசு. வெப்ப நாட்டு ஈயைச் சரிபார்க்க முன்பு லண்டனுக்குப் போக வேண்டியிருந்தது. இப்போது வசதியான ஆய்வகத்துக்குப் போக வேண்டும் என்றால் ஊர்தான் மாறியிருக்கிறது. பார்கோடும் போடட்டும், படமும் வரையட்டும். 403-க்குப் பதில் 40 வரட்டும், பரவாயில்லை.

சரி, இவ்வளவு சொல்கிறாயே, ஏன் ஆட்கள் வருவதில்லை என்று கேட்பீர்கள். வந்தால் மதிப்பெண் கிடையாது, அதுதான். இம்பாக்ட் ஃபேக்டர் என்று ஒரு எண் இருக்கிறது. ஒரு இதழில் வந்த கட்டுரைகளை அடுத்த இரண்டு வருடத்தில் எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்ற சராசரி. சதை ஈ விவரணையை யார் இரண்டு வருடத்தில் மேற்கோள் காட்டப் போகிறார்கள்? ஐம்பது வருடம் கழித்துக் காட்டுவார்கள். அதிலும் பெரும்பாலும் ஈயின் பெயருக்குப் பின்னால் விவரித்தவர் பெயரும் வருடமும் மட்டும் இருக்கும், அது மேற்கோள் கணக்கில் சேராது. 'லோபஸ், 1973' என்று எத்தனை ஆயிரம் தடவை அச்சாகியிருந்தாலும் லோபஸுக்குக் கணக்கு பூஜ்யம்.

2020 ஜூனில் உச்சகட்டமே நடந்தது. ஜூடாக்சா என்ற இதழ், உலகில் புதிதாகப் பெயர் பெறும் விலங்குகளில் கணிசமான பங்கு அதில் வருகிறது. அந்த இதழ் தன்னையே அதிகம் மேற்கோள் காட்டுகிறது என்று சொல்லி, கிளாரிவேட் நிறுவனம் அதை இம்பாக்ட் ஃபேக்டர் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டது. புதிய ஈக்களை எல்லாம் ஒரே இதழில் போட்டால் அடுத்த ஈயை எழுதுகிறவன் வேறு எந்த இதழை மேற்கோள் காட்டுவான்? உலகம் முழுக்க எதிர்ப்பு எழுந்து, சில வாரங்களிலேயே திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். சேர்த்துவிட்டார்களே என்று சந்தோஷப்படலாம். ஆனால் அந்தப் பட்டியலை வைத்துத்தான் வேலையும் உதவித்தொகையும் என்கிறபோது, ஒரு மாணவன் அந்தச் செய்தியைப் படித்து என்ன முடிவெடுப்பான்? எங்கள் சீனியர் ஒருவர் ஈ பொறுக்குவதை விட்டுவிட்டு மாலிக்யூலர் பக்கம் போனார். 'சோறு போடாதுடா' என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எனக்குத் தோன்றுவது எளிய ஏற்பாடு. ஒரு ஆளை எடை போடும்போது அவர் விவரித்த சிற்றினங்கள் எத்தனை, அவை இன்னும் செல்லுபடியாகின்றனவா, மாதிரிகள் எங்கே இருக்கின்றன, யார் கேட்டாலும் பார்க்கக் கிடைக்கின்றனவா என்று கேளுங்கள். எண்ணத்தான் வேண்டும் என்றால் இவற்றை எண்ணுங்கள். அவசரத்தில் ஒரே ஈக்கு இரண்டு பெயர் வைத்தால் கழித்துக்கொள்ளுங்கள். வாக்கர் இன்றிருந்தால் நிறையக் கழிந்திருக்கும் :-) வகுப்பிலும் ஒரு மாற்றம் வேண்டும். மூன்று வருடம் பி.எஸ்ஸி.யில் நூற்றுக்கணக்கான லத்தீன் பெயர்களை மனப்பாடம் செய்தேன். அதில் ஒன்றே ஒன்று எப்படி வைக்கப்பட்டது என்று யாரும் சொல்லித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு சிற்றின விவரணைக் கட்டுரையைக் கையில் கொடுத்து, ஹோலோடைப் லேபிளில் உள்ள ஊர், தேதி, பிடித்தவர், காப்பகம் எல்லாவற்றையும் ஒரு பீரியட் உட்கார்ந்து படிக்க வைத்தால் போதும்.

அந்த ஏழு பெண் ஈக்களுக்கும் லேபிள் எழுதிவிட்டேன். ஊர், தேதி, கருவாட்டுப் பொறி, பிடித்தவர் பெயர், எல்லாம் கறுப்பு மையில். சிற்றினம் என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை காலை மீன் மார்க்கெட்டுக்கு வலையோடு போகிறேன், இந்த முறை ஹைட்ராக்சைடுக்கு அலாரம் வைத்துக்கொள்வதாக உத்தேசம். இயற்பியல் நண்பனும் வருகிறேன் என்றிருக்கிறான். வறுத்த வஞ்சிரம் ஒரு துண்டு வாங்கித் தர வேண்டுமாம்.